கார்கி ஆடுகளிடம் தடுமாறும்போது: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் முறை

செம்மறி ஆடுகளோடு பழகத் தொடங்கிய கார்கி மந்தையைச் சிதறடித்தாலோ, ஆட்டின் காலைக் கவ்வினாலோ, ஓயாமல் குரைத்தாலோ, இந்த நாய்க்கு மேய்க்கும் குணமே இல்லை என்று பலர் உடனே தீர்மானித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த நாயிடம் குணம் நிறையவே இருக்கும். ஆனால் அது வேறொரு வேலைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட குணமாக இருக்கும். பெம்புரோக், கார்டிகன் என்னும் இரு கார்கி இனங்களும் வேல்ஸ் நாட்டுப் பண்ணைகளில் முதன்மையாக மாடு ஓட்டப் பயன்பட்டவை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் 1934இல்தான் இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாக ஏற்றது. தோள்வரை 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரமே உள்ள பெம்புரோக்கின் உடல், மாட்டின் பின்னங்காலைக் கவ்விய மறுகணமே தரையோடு தாழ்ந்துகொள்வதற்கும், உதைக்கும் குளம்பு தலைக்கு மேலே போய்விடுவதற்கும் ஏற்றது.

பார்டர் கோலி மந்தைக்கு அப்பால் அகலமாகச் சுற்றிச் சென்று, ஆடுகளை மேய்ப்பவரிடம் மடக்கிக்கொண்டு வரும் நாய். கார்கியோ மேய்ப்பவரின் பக்கத்திலிருந்தே புறப்பட்டு, கால்நடையின் பின்னால் நெருங்கி நின்று, அதை முன்னால் ஓட்டிச் செல்லும் நாய். கோலி உற்றுப் பார்த்தே ஆட்டை நகர்த்தும்; கார்கி நிமிர்ந்த தலையோடு, உடலின் அசைவாலும் குரலாலும் தேவைப்பட்டால் பல்லாலும் நகர்த்தும். மாட்டுக்குப் பொருத்தமான இந்த நெருக்கம் செம்மறி ஆட்டுக்கு மிக அதிகம். கீழே விவரிக்கப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிச் சிக்கலின் வெவ்வேறு வடிவங்களே.

திருத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நாயைக் கவனிப்பதற்கு முன் ஆடுகளைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் தன்னைச் சுற்றி ஒரு மிரட்சி எல்லை உண்டு. அந்த எல்லையின் ஓரத்தை நாய் தொட்டால் ஆடு நடக்கும். எல்லைக்குள் ஆழமாகப் புகுந்தால் ஓடும். ஓட வழியில்லாவிட்டால் திரும்பி முட்டும் அல்லது வேலியில் மோதும். ஆட்டின் தோள்பட்டை அதன் சமநிலைப் புள்ளி. அதற்குப் பின்னாலிருந்து நெருங்கினால் ஆடு முன்னே போகும். முன்னாலிருந்து நெருங்கினால் நின்று திரும்பும். தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கக்கூடிய ஆட்டுக்கு, தன் முதுகுக்கு நேர் பின்னால் உள்ள சிறு பகுதி மட்டும் தெரியாது. குட்டையான கார்கி ஒட்டிக்கொண்டு ஓட விரும்புவதும் பெரும்பாலும் அதே பகுதியில்தான்.

களத்தையும் சரிபார்க்க வேண்டும். புல் முழங்கால் உயரம் வளர்ந்த வெளியில் கார்கி ஆடுகளின் கண்ணில் படுவதே இல்லை. திடீரென்று காலடியில் முளைத்தாற்போல் அது தோன்றும்போது ஆடுகள் மிரண்டு கலைகின்றன. அங்கே கோளாறு புல்லில் இருக்கிறது, நாயிடம் இல்லை. தொடக்கப் பயிற்சிக்குப் புல் குட்டையாக உள்ள, மூலைகள் இல்லாத, 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டப் பட்டியும், நாய்களோடு ஏற்கெனவே பழகிய 3 முதல் 5 அமைதியான ஆடுகளும் போதும். சினை ஆடு, குட்டியோடு உள்ள தாய், கிடா ஆகியவற்றைப் பழகாத நாயின் முன் விடக்கூடாது. இந்த அடிப்படைகள் சரியில்லாத இடத்தில் தென்படும் எந்த அறிகுறியையும் நாயின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

அறிகுறி: மந்தையின் நடுவே பாய்ந்து சிதறடித்தல்

புதிய நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் அறிகுறி இது. மேய்த்தல் என்பது வேட்டை நடத்தையின் ஒரு பகுதியை மட்டும் வளர்த்து, கொல்லும் பகுதியை அடக்கி உருவாக்கப்பட்ட குணம். நோக்குதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல் என்று தொடரும் வேட்டை வரிசையில் கோலியிடம் நோக்குதலும் பதுங்குதலும் ஓங்கி நிற்கின்றன. கார்கி போன்ற குதிகால் கவ்வும் நாய்களிடம் துரத்துதலும் கவ்வுதலும் ஓங்கி நிற்கின்றன. கார்டிகனைப் பற்றி இனவரலாற்றில் வழங்கிவரும் ஒரு செய்தியையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது: வேலியில்லாத பொது மேய்ச்சல் நிலத்தில், தம் மாடுகள் மேயும் இடத்துக்குள் புகுந்த அண்டை வீட்டாரின் மாடுகளைத் துரத்திக் கலைப்பதற்காகவே அதை ஏவினார்கள் என்று சொல்லப்படுகிறது. கலைப்பதையே வேலையாகச் செய்த முன்னோரின் வழிவந்த நாய் கலைக்க முற்படுவதில் வியப்பில்லை.

முதலில் இது மேய்ப்புத் துரத்தலா, வெறும் வேட்டைத் துரத்தலா என்று பிரித்தறிய வேண்டும். நாயின் கண்கள் மந்தை முழுவதன்மேலும் இருக்கின்றனவா, தனித்த ஓர் ஆட்டின்மேல் மட்டும் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் ஆடு பிரிந்து ஓடும்போது, மேய்ப்புக் குணமுள்ள நாய் ஒரு கணமாவது மற்ற ஆடுகளின் பக்கம் தலையைத் திருப்பும். பிரிந்ததைத் திரும்பச் சேர்க்க முயலும். வேட்டையில் ஆழ்ந்த நாய் பிரிந்த ஆட்டை மட்டுமே விரட்டும். கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது.

இரண்டுக்கும் தொடக்கத் தீர்வு ஒன்றே. 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள, முடிச்சில்லாத கயிற்றை நாயின் கழுத்துப்பட்டையில் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். நாய்க்கும் ஆடுகளுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். நாய் உங்களைச் சுற்றிக்கொண்டு போக வழி விடுங்கள். உங்களைத் தாண்டி நேராக ஆடுகளுக்குள் புகும் வழியை மட்டும் அடையுங்கள். ஆடுகள் உங்கள் முதுகுப் பக்கம் ஒடுங்கி நிற்கும். பாயும் வழி மூடப்பட்டு, சுற்றும் வழி திறந்திருப்பதை நாய் புரிந்துகொண்ட கணத்தில் அதன் ஓட்டத்தின் வேகம் சற்றுக் குறையும். அந்த நேரத்தில் அமைதியாகப் பின்னே நகர்ந்து அதற்கு ஆடுகளை அருகில் விடுவதே பாராட்டு. தின்பண்டமும் தட்டிக்கொடுத்தலும் அங்கே தேவைப்படுவதில்லை. முதல் சில வாரங்களில் ஒரு பயிற்சி 5 முதல் 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. களைத்த நாயும் களைத்த ஆடும் மோசமான முடிவுகளையே எடுக்கும்.

தனித்த ஆட்டின்மேல் மட்டும் வெறிகொள்ளும் போக்கு பல பயிற்சிகளுக்குப் பிறகும் மாறாவிட்டால், அனுபவமுள்ள மேய்ப்பரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் அந்த நாயைக் கயிறின்றி விடக்கூடாது. ஆடுகளின் பாதுகாப்பு பயிற்சியின் முன்னேற்றத்துக்கு முந்தியது.

அறிகுறி: ஆட்டைக் கடித்தல்

கடியை ஒரே குற்றமாகப் பார்த்தால் தீர்வு கிடைக்காது. எங்கே கடிக்கிறது, எப்போது கடிக்கிறது, கவ்வியதை விடுகிறதா என்னும் மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

குதிகாலில் தாழ்வாகக் கவ்வி உடனே விடுவது மாடு ஓட்டும் குணத்தின் இயல்பான வெளிப்பாடு. நல்ல மாட்டு நாய் எடை ஊன்றியிருக்கும் காலையே கவ்வும். ஏனெனில் எடையைத் தாங்கும் கால் அந்தக் கணத்தில் உதைக்க முடியாது. மாட்டின் தடித்த தோலுக்கு அது ஓர் எச்சரிக்கை. செம்மறி ஆட்டின் காலில் தோல் மெல்லியது, கீழ்ப்பகுதியில் கம்பளி மறைப்பும் குறைவு. அதே கவ்வல் அங்கே காயமாகவும் பின்பு சீழாகவும் மாறக்கூடும். ஆகவே இந்தக் கவ்வலை வெறுப்போடு தண்டிக்காமல், அதற்கான தேவையே எழாதபடி செய்வதுதான் வழி. கவ்வல் பெரும்பாலும் இரண்டு சூழ்நிலைகளில் வருகிறது: ஆடுகள் வேலியோரத்தில் நெருக்கப்பட்டு நகர இடமின்றி நிற்கும்போது, அல்லது நாய் மந்தைக்கு மிக அருகில் வந்து வேகத்தைக் குறைக்க முடியாமல் தவிக்கும்போது. முதல் சூழ்நிலையில் ஆடுகளுக்கு வெளியேறும் திசையைத் திறந்துவிட்ட பின்பே நாயை ஏவ வேண்டும். இரண்டாவதில் நாயை நிறுத்தி, இரண்டு மூன்று எட்டுத் தூரம் பின்வாங்கச் செய்து, நடக்கச் சொல்லி மறுபடி அனுப்ப வேண்டும்.

கடி நிகழ்வதற்கு முன் நாயின் உடலில் தெளிவான அடையாளங்கள் தென்படும். காதுகள் பின்னுக்குச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை மேலும் கீழும் அசைந்த முதுகு திடீரென்று நேர்க்கோடாக நீளும். வாய் மூடிக்கொள்ளும், குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று ஓசை அடங்கிவிடும். அந்த ஓசை அடங்கும் இடத்தில்தான் மேய்ப்பவர் சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்ல வேண்டும். பல் பதிந்த பின் கத்துவதால், ஆடு துடிப்பதும் ஆள் கத்துவதும் சேர்ந்து நாயின் பரபரப்பு இன்னும் ஏறுகிறதே தவிர வேறு பயன் இல்லை.

விலாவிலோ தொடையிலோ கம்பளியைப் பிடித்துத் தொங்குவது இதனின்றும் வேறானது; அதை எந்த நிலையிலும் ஏற்கக்கூடாது. பயிற்சியை அங்கேயே நிறுத்தி, கயிற்றைப் பிடித்து நாயை வெளியே கொண்டுவந்து, ஆட்டைக் கம்பளிக்கு அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கம்பளிக்குள் மறைந்த பல் துளை மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. முட்ட வந்த ஆட்டின் மூக்கில் நாய் ஒருமுறை கவ்வி உடனே விட்டால் அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை, அது தற்காப்பு. மேய்ப்புப் போட்டிகளிலும் தேவையற்ற கடிக்கு நாய் வெளியேற்றப்படுமே தவிர, தேவை எழுந்த இடத்தில் நிகழ்ந்த கவ்வலை நடுவர் சூழ்நிலையோடு வைத்தே எடைபோடுவார்.

அறிகுறி: சுற்று மிக நெருக்கமாக இருத்தல்

நாய் சுற்றுகிறது, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. ஆடுகள் ஒவ்வொரு முறையும் துள்ளுகின்றன. கார்கிக்கு அகலமான வளையம் இயல்பாக வராது என்பதை ஏற்றுக்கொண்டே இதை அணுக வேண்டும். கோலி போல நூறு மீட்டருக்கு அப்பால் சுற்றிப் போய் மந்தையை எடுத்துவரும் வேலையைக் கார்கியிடம் எதிர்பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை; அதன் குட்டைக் கால்கள் அதற்காக அமையவில்லை. ஆனால் மிரட்சி எல்லைக்கு வெளியே நிற்கும் அளவுக்கு அகலத்தை அதற்குக் கற்றுத்தர முடியும், கற்றுத்தரவும் வேண்டும்.

நீண்ட கோலைக் கையின் நீட்சியாகப் பயன்படுத்துங்கள். அதைக் கொண்டு நாயை அடிக்கக்கூடாது. நாய் உள்ளே வெட்டத் தொடங்கும் இடத்தை முன்கூட்டியே கணித்து, அதன் தோளை நோக்கிக் கோலின் முனையைத் தாழ்த்தியபடி ஓர் அடி முன்வையுங்கள். வாலை நோக்கிச் சென்றால் நாய் இன்னும் வேகமாக ஓடும். மூக்குக்கு முன்னால் சென்றால் திசை மாறித் திரும்பிவிடும். தோளை நோக்கிச் சென்றால்தான் விலகும். அது விலகியதும் நீங்கள் உடனே தளர வேண்டும். கோலைத் தாழ்த்தியபடியே தொடர்ந்து நெருங்கிக்கொண்டிருந்தால், விலகியதற்கும் விலகாததற்கும் வேறுபாடு நாய்க்குத் தெரியாமல் போகும். மேய்ப்பவர்கள் வலஞ்சுழிக்குக் ‘கம் பை’ என்றும் இடஞ்சுழிக்கு ‘அவே’ என்றும் சொல்வது மரபு. நீங்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், நாய் தானாக அந்தத் திசையில் சரியாகச் செல்லும்போதே அச்சொல்லைச் சொல்லிப் பழக்குங்கள்.

பெரும்பாலான நாய்கள் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் சுற்றும். இறுகிய பக்கத்தையே மிகுதியாகப் பழக்க வேண்டும் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் நாய் சலித்துவிடும். நல்ல பக்கத்தில் தொடங்கி, இறுகிய பக்கத்தில் ஓரிரு முறை சுற்றவைத்து, மீண்டும் நல்ல பக்கத்தில் முடிப்பது நல்லது.

அறிகுறி: ஓயாத குரைப்பு

ஓடிக்கொண்டே குரைக்கும் கார்கி பரபரப்பில் இருக்கிறது. அதை வேலியின் வெளிப்புறம் நடத்திச் சென்று, ஆடுகள் நகராமல் நிற்பதைப் பார்த்தபடி அமைதியாக இருக்கப் பழக்கிய பின் உள்ளே விடுங்கள். ஒரே இடத்தில் நின்று, எடையைப் பின்னங்கால்களில் வைத்துக்கொண்டு குரைக்கும் கார்கிக்குத் துணிவு போதவில்லை. அதற்குரிய தீர்வு அடுத்த அறிகுறியில் உள்ளது. நகர மறுக்கும் ஆட்டின் பின்னால் வந்து இரண்டு முறை குரைத்து, ஆடு நகர்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும் நாய் தன் வேலையைத்தான் செய்கிறது. அந்தக் குரலை அடக்கிவிட்டால் அது பல்லைப் பயன்படுத்தத் தொடங்கும் என்பதால், கார்கியை முற்றிலும் வாயடைக்கும் பயிற்சியை நான் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி: ஆடு திரும்பி நின்றால் நாய் பின்வாங்குதல்

முன்னங்காலால் தரையைத் தட்டி, தலையைத் தாழ்த்தி நிற்கும் முதிர்ந்த பெட்டை ஆடு, கார்கியைவிடப் பல மடங்கு எடையுள்ளது. நாயின் கண் அந்த ஆட்டின் முழங்கால் மட்டத்தில் இருக்கிறது. இந்த நிலையில் நாய் பக்கவாட்டில் திரும்பி நிற்பதும், தரையை மோப்பம் பிடிப்பதும், ஆட்டுப் புழுக்கையைத் தின்னத் தொடங்குவதும் அழுத்தத்திலிருந்து விலகும் முயற்சிகள். ஆர்வமின்மையோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

நாயின் பக்கத்தில் சென்று, அதன் தோளுக்கு இணையாக நின்று, இருவருமாக ஆட்டை நோக்கி மெதுவாக நடங்கள். ஆடு தலையைத் திருப்பிய நொடியில் நின்றுவிடுங்கள். தன் முன்னேற்றத்தால்தான் ஆடு திரும்பியது என்பதை நாய் உணர வேண்டும். அந்த வெற்றியை உடனே துரத்தலாக மாற்ற விடாமல், ஆடு நான்கு எட்டு நடந்ததும் நாயை நிறுத்திப் பாராட்டுங்கள். எதிர்த்து நிற்கும் பழக்கமுள்ள ஆட்டைப் பயிற்சி மந்தையிலிருந்து நீக்கிவிடுவது அதைவிட எளிது. இளம் நாய் ஒருமுறை வலுவாக முட்டுப்பட்டால் அந்த அச்சம் பல மாதங்கள் நீடிக்கக்கூடும்.

அறிகுறி: பிரிந்தோடும் ஆட்டை முந்த முடியாமை

இதற்குப் பயிற்சியால் தீர்வு இல்லை. திறந்த வெளியில் முழு வேகத்தில் ஓடும் ஆட்டைக் கார்கி முந்தித் தடுப்பது அரிது. பிரிவதற்கு முன்பே தடுக்கப் பழக்க வேண்டும்: மந்தையின் ஓரத்தில் நிற்கும் ஆடு தலையை வெளிப்புறம் திருப்பும்போதே நாயை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். மந்தையின் பின்னால் இடமும் வலமுமாக அலைந்துகொண்டே ஓட்டுவது கார்கிக்கு இயல்பாகவே வரும் திறமை. அதைக் கெடுக்காமல் வளர்த்தால் ஆடுகள் பிரிவதே குறையும். நீண்ட வேலி ஒன்றை ஒரு பக்கத்துக்கு அரணாக வைத்து ஓட்டினால் நாய் ஒரு பக்கத்தை மட்டும் காத்தால் போதும்.

அறிகுறி: ஆடுகளைக் கண்டும் ஆர்வம் காட்டாமை

ஆறேழு மாதக் குட்டி ஆடுகளைப் பொருட்படுத்தாமல் போனால் கவலைப்பட வேண்டாம். அந்த உணர்வு ஒவ்வொரு நாயிலும் வெவ்வேறு வயதில் எழுகிறது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் மேய்ப்புத் தேர்வுகளிலும் நாய்க்குக் குறைந்தது 9 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பதே விதி. வளர்ந்த நாயானால், வீட்டில் ஓடும் எதையும் துரத்தக்கூடாது என்று அது கண்டிக்கப்பட்டு வளர்ந்ததா என்று எண்ணிப் பாருங்கள். அப்படி வளர்ந்த நாய் ஆடுகளைப் பார்த்ததும் உரிமையாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்களே ஆடுகளை நகர்த்தி, அவை ஓடும்போது மகிழ்ந்த குரலில் நாயை அழைத்துச் சென்றால் அந்தத் தடை மெல்லத் தளரும். சில நாள் இடைவெளி விட்டு, பல முறை முயன்றும் எந்த மாற்றமும் இல்லையானால் அந்த நாய்க்கு இந்த வேலையில் விருப்பமில்லை என்று ஏற்றுக்கொள்ளலாம்.

அறிகுறி: ‘போதும்’ என்றாலும் வராமை

அழைத்த ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்துபோனால், அழைப்பு என்பது ஆடுகளை இழப்பது என்று நாய் கற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரு பயிற்சிக்குள்ளேயே மூன்று நான்கு முறை அழைத்து, வந்ததும் மறுபடி ஆடுகளிடம் அனுப்புங்கள். முதல் அழைப்புகளை, ஆடுகள் வேலியோரம் அசையாமல் நிற்கும்போதும் நாய் உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் மந்தையைச் சமநிலையில் பிடித்து நிற்கும்போதும் மட்டும் கொடுங்கள். ஓட்டத்தின் நடுவில் நிறுத்தச் சொல்வது கடைசியில் கற்றுத்தர வேண்டிய பாடம்.

அறிகுறி: விரைவில் களைத்தல், நொண்டுதல், பின்னங்கால் இழுபடுதல்

இரட்டை உரோமப் போர்வையுள்ள கார்கி வெப்பத்தில் விரைவில் தளரும். நாக்கு அகன்று, நுனி மேல்நோக்கி வளைந்து, மூச்சு வாங்குவது நிழலில் நின்றும் தணியாவிட்டால் வேலையை அன்றைக்கு நிறுத்தி, உடலை நீரால் நனைத்துக் காற்றுப்பட வைக்க வேண்டும். நாய் தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது. வாய் திறந்து மூச்சு வாங்கும் ஆடுகளுக்கும் ஓய்வு வேண்டும்.

குட்டைக் கால்களுக்குக் காரணமான மரபணு அமைப்போடு தொடர்புடைய முதுகுத் தட்டுக் கோளாறு இந்த இனத்தில் உண்டு. துள்ளித் திரும்ப மறுத்தல், முதுகை வளைத்து நடத்தல், தொட்டால் முனகுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். நேற்று வரை விலகச் சொன்னால் விலகிய நாய் இன்று ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணுவதற்கு முன் முதுகையும் தோளையும் தடவிப் பாருங்கள்.

வயது முதிர்ந்த பெம்புரோக்கில், பெரும்பாலும் 8 வயதுக்குப் பின், தண்டுவடம் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் வலியின்றித் தொடங்கும். பின்னங்கால் நகங்கள் தரையில் உரசும் ஓசையும், நடு விரல்களின் நகங்கள் மேற்புறம் தேய்ந்திருப்பதும் அதன் தொடக்க அடையாளங்கள். 2009இல் கண்டறியப்பட்ட எஸ்ஓடி1 மரபணு மாற்றத்தை எச்சில் அல்லது இரத்த மாதிரியைக் கொண்டு சோதிக்கலாம்; ஆனால் மாற்றத்தின் இரு பிரதிகளையும் பெற்ற நாய்கள் அனைத்துக்கும் நோய் வருவதில்லை. ஆகவே சோதனை முடிவை மட்டும் வைத்துக்கொள்ளாமல், நடையை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே அந்த நாய் தொடர்ந்து வேலை செய்யலாமா என்று கேட்க வேண்டும்.